பூட்டிய வீட்டுக்கு வரும் அஞ்சலட்டை

2024ஆம் ஆண்டுத் தீபாவளி நாள். காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உக்காரைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் அண்ணன் மகன் காணொளியில் அழைத்தான். வாழ்த்துகள் முடிந்ததும் அவன் பேச்சு அமெரிக்க அதிபர் தேர்தலுக்குத் தாவியது. அவனுடைய மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட ஏறத்தாழ 1,600 பேரை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் அக்டோபர் 25ஆம் தேதி இட்ட ஆணையை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு முந்தைய நாள் நிறுத்திவைத்துவிட்டது. பெரும்பான்மை நீதிபதிகள் அதற்குக் காரணம் எதுவும் எழுதவில்லை. மூன்று நீதிபதிகள் மட்டும் தங்களுக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்திருந்தார்கள். வாக்குப்பதிவு நவம்பர் 5ஆம் தேதி.

நம் ஊரில் அந்த அதிபர் தேர்தலை எல்லாரும் மேடை வழியாகவே பார்த்தார்கள். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் ஊர்க்காரர்கள் பூசை செய்தது செய்தியானது. செப்டம்பர் 10ஆம் தேதி விவாத மேடையில், ஒகையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் அக்கம்பக்கத்தாரின் வளர்ப்பு நாய்களைத் தின்கிறார்கள் என்று குடியரசுக் கட்சி வேட்பாளர் டொனால்ட் டிரம்ப் சொன்னது வாட்ஸ்அப்பில் கேலிப் படமாகச் சுற்றியது. அப்படி எதுவும் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அந்த நகர நிர்வாகமே சொன்னது எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று தெரியவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்தோம். எனக்கோ, அந்த மேடைப் பேச்சுக்கும் வர்ஜீனியாவில் நீக்கப்பட்ட 1,600 பெயர்களுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு இருப்பதாகத் தோன்றுகிறது. அதைச் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் தந்தையார் ஒரு செட்டியார் வீட்டில் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதியவர். நான் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போயிருக்கிறேன். எனவே தேர்தல் என்றால் என் கண் முதலில் பேரேட்டுக்குப் போகும். கொடியும் ஒலிபெருக்கியும் அதற்குப் பிறகுதான்.

அப்படிப் போன ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடச் சாவடியில், காலை பத்து மணி வாக்கில் ஓர் ஆச்சி வந்தார். கையில் வாக்காளர் அடையாள அட்டை, நெற்றியில் திருநீறு, கூட ஒரு பேரன். பட்டியலில் அவர் பெயர் இல்லை. பக்கத்துப் பாகத்தையும் பார்க்கச் சொன்னேன், அங்கும் இல்லை. விசாரித்தால், மகள் பிள்ளைப்பேற்றுக்காக ஓராண்டு போலச் சென்னையில் இருந்திருக்கிறார்; அந்த நேரத்தில் சரிபார்க்க வந்தவர்கள் வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டு ‘இடம் பெயர்ந்தவர்’ என்று எழுதிவிட்டார்கள். “நான் எங்கப்பா பேர்ந்தேன்? வீட்டுச் சாவி என் இடுப்புலதானே இருக்கு” என்றார். என்னிடம் பதில் இல்லை. நம் விதிப்படி ஒருவர் பெயரில் வேறு யாரோ வாக்களித்துவிட்டால்கூட டெண்டர் வாக்கு என்று ஒரு தாளைக் கொடுக்க முடியும். பட்டியலில் பெயரே இல்லாதவருக்குக் கொடுக்க என் மேசையில் எதுவும் இல்லை. வெயிலில் திரும்பிப் போனார். அன்று மாலை வாக்குப்பதிவு விழுக்காட்டைக் கணக்கிட்டு அனுப்பியபோது, வாக்களித்தவர் எண்ணிக்கையிலும் அவர் இல்லை, மொத்த வாக்காளர் எண்ணிக்கையிலும் இல்லை, கணக்கிலேயே இல்லை. பதிவாகாத வாக்கு குறைவாகக்கூடத் தெரிவதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயம் எளிதில் விளங்கும். நகரத்தார் மரபில் திருமணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி. கோயிலில் இருந்து மாலை வரும், பெயர் ஏறும், புள்ளி வரி கட்டுவார்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள். என் தந்தையார் கணக்கெழுதிய வீட்டில், ஆள் கடல் கடந்து இருந்த காலமெல்லாம் அவர் புள்ளி ஊரிலேயே இருந்தது. ‘நீ திருவிழாவுக்கு வரவில்லை, ஆகவே உன் புள்ளியைக் கழித்துவிட்டோம்’ என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒகையோ மாநிலத்தில் அதைத்தான் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் வாக்களிக்காதவருக்கு ஓர் அஞ்சலட்டை போகும். அவர் அதற்குப் பதில் அனுப்பாமல், அடுத்த நான்கு ஆண்டுகளும் வாக்களிக்காமல் இருந்தால் பெயர் நீக்கப்படும். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதைச் சட்டப்படி சரி என்று ஏற்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எங்கள் தெருவைத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதவிடுக்கு வழியே விழுந்த கடிதங்கள் முகப்புத் தரையில் தூசியோடு கிடக்கின்றன. உரிமையாளர்கள் செத்துவிடவில்லை, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருவார்கள், கல்யாணத்துக்கு வருவார்கள். அஞ்சலட்டைக்குப் பதில் வரவில்லை என்பதை ஆள் இல்லை என்பதற்குச் சான்றாக எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார்.

பட்டியலைத் துப்புரவாக வைக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012ஆம் ஆண்டு பியூ அறக்கட்டளை ஆய்வு செய்து பார்த்தபோது, அமெரிக்கப் பட்டியல்களில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பதிவுகள் செல்லாதவையாகவோ பெரும் பிழையுள்ளவையாகவோ இருந்தன; 18 லட்சத்துக்கும் மேற்பட்ட இறந்தவர்களின் பெயர்கள் அப்படியே கிடந்தன. பேரேடு இப்படி இருந்தால் நானும் சிவப்பு மையால்தான் குறிப்பெழுதுவேன். ஆனால் திருத்துவதற்குக் காலம் உண்டு. கணக்கு முடிக்கும் நாளன்று பழைய பக்கங்களை அடித்துத் திருத்துகிறவனைத் தணிக்கையில் சந்தேகப்படாமல் விட மாட்டோம். அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுத் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டமும் இதே அறிவோடுதான் எழுதப்பட்டது: தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் பெயர்களை மொத்தமாகக் களையும் திட்டம் எதையும் நடத்தக் கூடாது. வர்ஜீனியாவின் அப்போதைய ஆளுநர் கிளென் யங்கின், மோட்டார் வாகனத் துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, குடிமக்கள் அல்லாதவர்களை நாள்தோறும் நீக்கச் சொல்லி ஆணையிட்ட தேதி ஆகஸ்ட் 7. அன்றிலிருந்து நவம்பர் 5 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 90 நாள். அறிவிப்புக் கடிதத்துக்கு 14 நாளில் பதில் வராவிட்டால் பெயர் போய்விடும். படிவத்தில் ஒரு கட்டத்தைத் தவறாகக் குறித்த, அல்லது நிரப்பாமல் விட்ட குடிமக்களும் இதில் சிக்குவார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். நீக்கப்பட்டவர்கள் குடிமக்கள் அல்லர் என்பது நிறுவப்படவில்லை என்று கீழ் நீதிமன்றமும் கருதியது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த மாநிலத்தில் தேர்தல் நாளன்றே பதிவு செய்து தற்காலிக வாக்குச்சீட்டில் வாக்களிக்கும் வழி இருக்கிறது. எங்கள் ஆச்சிக்கு அதுகூட இருக்கவில்லை. ஆனால் தன் பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தவருக்குத்தானே அந்த வழி பயன்படும்?

1,600 பேர் என்ன பெரிய எண்ணிக்கை என்று கேட்பவர்களுக்கு: 2000ஆம் ஆண்டு புளோரிடா மாநிலமும் அதனோடு அதிபர் பதவியும் 537 வாக்குகளில் கைமாறின. எங்கள் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் 2009ஆம் ஆண்டு வெற்றி வித்தியாசம் 3,354. அந்த எண்ணை இங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை.

இப்போது மேடைக்கு வருகிறேன். அவதூறுப் பிரச்சாரம் அங்கே புதிதல்ல. 2000ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வின்போது, தென் கரோலினாவில் ஜான் மெக்கெயினைப் பற்றி ஒரு வதந்தி பரவியது. முறை தவறிப் பிறந்த கறுப்பினக் குழந்தை ஒன்று அவருக்கு இருக்கிறது என்று. உண்மையில் அது அவரும் மனைவியும் வங்கதேசத்தில் இருந்து தத்தெடுத்து வளர்த்த மகள். கருத்துக்கணிப்பு என்ற பெயரில் தொலைபேசியில் அழைத்து, ‘இப்படி என்று தெரிந்தால் அவருக்கு வாக்களிப்பீர்களா?’ என்று கேட்டதாகச் செய்திகள் வந்தன. யார் செய்தார்கள் என்பது நிறுவப்படவில்லை. மெக்கெயின் அந்த மாநிலத்தில் தோற்றார். ‘கேள்விப்பட்டேன், நிசமான்னு தெரியலை’ என்று தொடங்கும் நம் திண்ணைப் பேச்சுக்கு அவர்கள் அமைப்பு முறையில் ஓர் உருவம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இத்தகைய வசை வாக்காளரை வெறுப்படையச் செய்து வீட்டில் முடக்கிவிடும் என்று ஆன்சலபேர், ஐயங்கார் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் வாதிட்டார்கள். பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது என்றார்கள். 2020ஆம் ஆண்டு வசைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காணாத வாக்குப்பதிவு அந்தத் தேர்தலில்தான் நடந்தது. ஆகவே ‘அசிங்கமாகப் பேசுகிறார்கள், மக்கள் ஒதுங்குகிறார்கள்’ என்ற வழக்கமான புலம்பலில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. வேட்பாளரைப் பற்றிய வசை வேட்பாளரோடு போகிறது. வாக்காளரைப் பற்றிய வசைதான் சட்டமாகவும் விதியாகவும் மாறிப் பேரேட்டுக்குள் நுழைகிறது. ‘நம் வாக்கைக் களவாட அந்நியர் வரிசையில் நிற்கிறார்’ என்று முதலில் மேடையில் சொல்கிறார்கள். பலமுறை சொன்ன பிறகு, அந்தப் பயத்தைத் தீர்க்கிறோம் என்று படிவம் வருகிறது, கெடு வருகிறது, அஞ்சலட்டை வருகிறது.

ஆள்மாறாட்டக் கதை அப்படி வந்ததுதான். 2000 முதல் 2014 வரை பதிவான நூறு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில், நம்பத்தக்க ஆள்மாறாட்ட நிகழ்வுகள் 31தான் என்று சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் கணக்கெடுத்தார். அந்தப் பயத்தைக் காட்டி எழுதப்பட்ட அடையாள அட்டைச் சட்டங்களோ பல மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தன. டெக்சாஸின் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கி மறைத்து வைத்திருக்கும் உரிமத்தைக் காட்டி வாக்களிக்கலாம். பல்கலைக்கழக மாணவர் அட்டையைக் காட்ட முடியாது. பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலங்களும் வட்டாரங்களும் தேர்தல் விதியை மாற்றுமுன் ஒன்றிய அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்று 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் விதித்திருந்தது. 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. அன்றைக்கே டெக்சாஸ் தன் அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. நனையவில்லை என்பதற்காக மழைக்கு நடுவே குடையை எறிவது போன்றது இது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார்.

இப்போது மேடைப் பொய்யும் வாக்காளரைத் தடுக்கும் வேலையும் ஒன்றாகவே கலந்துவிட்டன. 2020ஆம் ஆண்டு டெட்ராய்ட் போன்ற நகரங்களில் கறுப்பின மக்களுக்கு ஒரு பதிவுக் குரல் அழைப்பு போனது: அஞ்சல் வழியே வாக்களித்தால் உங்கள் விவரத்தைக் காவல்துறையும் கடன் வசூலிப்பவர்களும் எடுத்துக்கொள்வார்கள் என்று. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷையரில் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட, அப்போதைய அதிபர் ஜோ பைடனின் குரலே தொலைபேசியில் ஒலித்து, உங்கள் வாக்கை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள் என்றது. அதை ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். வாக்கைச் சேமிக்கலாமாம்! வட்டித் தொழில் பார்த்த ஊரில் இதைச் சொன்னால் நகைப்பார்கள்.

நம்மிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற எண்ணத்தில் இதை எழுதவில்லை. இங்கே சாவடி முகவர் ஒருவர் வாக்காளரின் அடையாளத்தை எதிர்க்க வேண்டுமானால் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். இன்று ஒரு தேநீருக்குக்கூட ஆகாத அந்தத் தொகையில் ஒருவரை வரிசையை விட்டு நிற்கவைத்து விசாரிக்க முடிகிறது. படிவம் 7ஐக் கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் பெயரை நீக்கக் கோரலாம். இவற்றை எல்லாம் நேர்மையாகவும் பயன்படுத்தலாம், வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். எது நடக்கும் என்பதை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அந்த ஆண்டு மேடையில் என்ன பேசினார்கள் என்பதே பெரும்பாலும் முடிவு செய்யும்.

அன்று அழைப்பை முடிக்குமுன் அண்ணன் மகனிடம், உன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாயா என்று கேட்டேன். “இருக்கு சித்தப்பா. போன வாரமே முன்கூட்டியே ஓட்டுப் போட்டுட்டேன்” என்றான். என்ன அட்டை கேட்டார்கள் என்றேன். ஓட்டுநர் உரிமம் மட்டும் போதுமாம், வேறு எதையும் யாரும் கேட்கவில்லையாம். “ஆனாலும் பாஸ்போர்ட்டையும் குடியுரிமைச் சான்றிதழையும் ஒரு உறையில போட்டு எடுத்துட்டுத்தான் போனேன்” என்றான். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் கையில் காப்பிக் கோப்பை மட்டும் இருந்ததாம்.