மாடு மேய்க்கப் போகச் சொன்னவர்களுக்கு

நான் போட்ட அந்த ஆஸ்திரியா மாட்டுப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எதற்கு வம்பு என்று பேசாமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு குழுவில் போட்டு, அங்கேயும் ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டிருப்பதை நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். சரி, இனியும் பேசாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே சிரிப்பு எமோஜியைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? ஆஸ்திரியாவில் வெரோனிகா என்று ஒரு மாடு. தரை தேய்க்கிற, நீளக் கட்டை போட்ட பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு தன் உடம்பைச் சொறிந்துகொள்கிறது. "எங்க ஊரு மாடு புளியமரத்துல உரசாதா?" என்று ஒருவர் கேட்டார். உரசும். வெரோனிகா செய்வது அது இல்லை. முதுகு, பின்புறம் என்று தோல் தடித்த இடங்களுக்கு நார் உள்ள பக்கம். மடி, அடிவயிறு என்று மெல்லிய இடம் வந்தால் பிரஷ்ஷைத் திருப்பிக் கட்டையின் முனை, அதுவும் அழுத்தாமல் மெதுவாக. ஒரே கருவியை இரண்டு விதமாகப் பயன்படுத்துவதை இதற்கு முன் சிம்பன்சியிடம்தான் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒசுனா மஸ்காரோவும் ஆலிஸ் அவெர்ஸ்பெர்கும் பிரஷ்ஷை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டுச் சோதித்து, 2026 ஜனவரியில் கரண்ட் பயாலஜி இதழில் எழுதினார்கள். யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. நான் இதைப் பகிர்ந்து, "இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, மாட்டோடு இருந்தவர்களுக்குத் தெரியும்" என்று ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

உடனே வந்துவிட்டார்கள். அதற்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுங்கள் என்றார் ஒருவர். கோமாதா கோஷ்டி உன்னையும் பிடித்துவிட்டதா என்றார் இன்னொருவர். தமிழ் படித்த ஒருவர் ஐந்தறிவு, ஆறறிவு என்று பாடம் நடத்தினார். கடைசியில் ஒரு நல்ல மனிதர், "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று முடித்துவைத்தார். அதற்குத்தான் லைக் அதிகம்.

மேய்த்தவன்தான் ஐயா. அதனால்தான் பேசுகிறேன். நீங்கள் மேய்த்ததில்லை, அதனால்தான் சிரிக்கிறீர்கள்.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு மிருகத்துக்கு மூளை இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுமுன் அதோடு கொஞ்ச காலம் இருந்து பாருங்கள். பால் பாக்கெட்டைத் தவிர மாட்டோடு வேறு உறவே இல்லாதவர்கள்தான் மாட்டுக்கு அறிவு இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். கூட இருந்தவன் ஒருவனாவது அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் அப்பா கிடைமாட்டுக்காரர். சிவகங்கைப் பக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். புலிக்குளம் மாடுகள். தொழுவம் கிடையாது, தீவனம் கிடையாது. பகல் முழுக்க மேய்ச்சல், ராத்திரி யாராவது ஒருவர் வயலில் கிடை. சாணமும் கோமியமும் அந்த வயலுக்கு உரம், அதற்குக் கூலி. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் அத்தனை மாட்டுக்கும் பெயர் உண்டு. எந்த மாடு யாருக்குப் பிறந்தது, எது எதோடு ஒட்டாது, எது முன்னால் போனால் மற்றவை பின்னால் வரும் என்பதெல்லாம் மனப்பாடம்.

மேய்ச்சலுக்குப் போகும்போது இளங்கன்றுகளைக் கிடையிலேயே தனியாக அடைத்துவிட்டுப் போவோம். பொழுது சாயத் திரும்பி வரும்போது மாடுகள் தூரத்திலிருந்தே குரல் கொடுக்கும். நமக்கு எல்லாம் ஒரே "ம்மா"தான். பட்டிக்குள் இருக்கிற கன்றுகளுக்கு அப்படி இல்லை. ஒரு மாடு கத்தினால் ஒரு கன்றுதான் காதைத் தூக்கும். மற்றவை படுத்தபடி கிடக்கும். அடுத்தது கத்தினால் வேறொன்று எழுந்து நிற்கும். பட்டியைத் திறந்ததும் அந்தக் கூட்டத்தில் தாயைத் தேடி ஓடுவது ஒரு கலவரம் மாதிரி இருக்கும், ஆனால் மாறிப் போவது அபூர்வம். இன்னொன்றும் உண்டு. தூரத்தில் இருக்கும்போது வாயைத் திறந்து உரக்கக் கூப்பிடுகிற அதே மாடு, கன்று பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்காமலே "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் பேசும்.

இதை நான் சொன்னால் கதை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து பதிவுக் கருவியோடு போய் இரண்டு மந்தைகளோடு பத்து மாதம் அலைந்து, ஒலியை அளந்து, கன்று பக்கத்தில் இருந்தால் தாழ்ந்த குரல், கண்ணில் படாவிட்டால் உயர்ந்த குரல், ஒவ்வொரு தாய்க்கும் கன்றுக்கும் தனித்தனிக் குரல் அடையாளம் என்று எழுதினால் அது அறிவியல். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த ஆராய்ச்சியாளர்கள் மீது எனக்கு மரியாதைதான். அவர்கள் மந்தையோடு கிடந்தார்கள். கிடந்ததால் தெரிந்தது. அதைத்தானே சொல்கிறேன்!

அப்புறம் கன்று போட்ட மாடு. இதைக் கேளுங்கள். மேய்ச்சலில் தனியாக ஒதுங்கிக் கன்று போடுகிற மாடு, கன்றைப் புதருக்குள் படுக்கவைத்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல வந்து மேயும். வயிறு வற்றியிருப்பதைப் பார்த்துத்தான் நமக்கே தெரியும். தேட ஆரம்பித்தால் அந்த மாடு கன்று இருக்கிற திசைக்கு எதிர்த்திசையில் நடக்கும். நாம் பின்னால் போனால் இன்னும் தள்ளிப் போகும். கன்று இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. "போக்குக் காட்டுதுடா. நீ அத பாக்காத, வேற வேல பாக்குற மாதிரி இரு" என்பார் அப்பா. சொல்லிவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் படுத்துவிடுவார். துண்டுக்குள் கண் திறந்திருக்கும். மாடு மேய்வது போலவே நகரும், நிற்கும், தலையைத் தூக்கி எங்களைப் பார்க்கும், மறுபடி மேயும். நாங்கள் அசையவில்லை என்று நம்பிக்கை வந்த பிறகுதான் புதருக்குப் போகும். சில நாள் அப்பா ஏமாற்றுவார், சில நாள் மாடு ஏமாற்றிவிடும்.

இதற்குப் பெயர் உள்ளுணர்வு என்பார்கள். கன்றை ஒளித்துவைப்பது உள்ளுணர்வு, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பா பார்க்கிறாரா தூங்குகிறாரா என்று நோட்டம் விடுவது என்ன? நாம் செய்தால் சாமர்த்தியம், மாடு செய்தால் உள்ளுணர்வு!

குதிரைக் கதையோடு வந்த நண்பருக்கு. பெர்லினில் 1904 வாக்கில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே கொண்டாடியது, கடைசியில் கேள்வி கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தார். உண்மை. இந்தத் துறையில் எல்லோரும் அதிலிருந்து எச்சரிக்கை கற்றுக்கொண்டார்கள். ஆனால் தன் தலை அசைகிறது என்று கேள்வி கேட்டவருக்கே தெரியவில்லை, குதிரைக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் இதை முட்டாள்தனத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல் கன்றைப் பார்த்து ஏமாந்து பால் கொடுக்கிற ஜென்மத்துக்கு அறிவா என்று ஒரு கேள்வி. செத்த கன்றின் தோலையே உரித்து வைக்கோலைத் திணித்துக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். தன் கன்றின் வாசனை அது. நக்கிக் கொடுக்கிறது. சினிமாவில் அம்மா செத்தால் திரை என்று தெரிந்தும் துடைக்கத் துடைக்க அழுகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது. எனக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வந்ததே இல்லை.

மொழி வேறு, ஒலி எழுப்புவது வேறு, இலக்கணம் எங்கே என்று கேட்ட பேராசிரியருக்கு: இலக்கணம் இல்லை. நேற்று நடந்ததை மாடு இன்னொரு மாட்டுக்குச் சொல்லும் என்று நான் எங்கும் எழுதவில்லை.

ஐந்தறிவுக்காரருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக. "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்று தொல்காப்பியத்தை எடுத்து வீசினீர்கள். அந்த வரி வருகிற மரபியல் என்ற அதே பகுதியில் கொஞ்சம் தள்ளி "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்று இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? விலங்குகளிலும் சிலவற்றுக்கு ஆறாவது அறிவு உண்டு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உரையில் கிளி, குரங்கு, யானை என்று உதாரணமும் வருகிறது. அதில் மாடு இல்லையே என்று வராதீர்கள். உரைகாரர் கிடை போட்டவர் இல்லை.

இன்னொரு வேடிக்கை. மனுநீதிச் சோழன் கதையில் பசு வந்து மணிக்கயிற்றை இழுத்து நியாயம் கேட்டது என்றால் மெய்சிலிர்க்கிறீர்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலையே வைத்திருக்கிறோம். கதையில் மாடு கயிறு பிடித்தால் பண்பாடு, நிஜத்தில் மாடு பிரஷ் பிடித்தால் காமெடி.

கோமாதா கோஷ்டி என்றவருக்கு நேராகவே சொல்கிறேன். நான் மாட்டைக் கும்பிடச் சொல்லவில்லை. யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை. அவர்களில் பலருக்கும் மாட்டைத் தெரியாது, படத்தில்தான் தெரியும். "அப்புறம் ஏன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பிடுகிறேன். அது வேறு விஷயம். இப்போது அதைப் பேசவில்லை.

ஆடு என்றதும் ஞாபகம் வருகிறது. "ஆட்டு மந்தை மாதிரி" என்று ஓட்டுப் போடுகிற சனத்தைத் திட்டுவது இங்கே பலருக்கு வழக்கம். ஒரு செம்மறி ஐம்பது செம்மறிகளின் முகத்தை இரண்டு வருடம் வரை நினைவில் வைத்திருக்கும் என்று கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பாப்ரஹாம் நிறுவனத்தில் கெண்ட்ரிக் குழுவினர் காட்டி, 2001-ல் நேச்சர் இதழில் வந்தது. வெள்ளாடு ஒரு பெட்டியை இரண்டு படியில் திறந்து தீனி எடுக்கக் கற்றுக்கொண்டு, பத்து மாதம் கழித்தும் மறக்காமல் திறந்தது. அது 2014-ல் வந்த ஆய்வு. முகநூலில் ஐயாயிரம் நண்பர்களை வைத்திருப்பவர்கள், அதில் எத்தனை முகத்தைத் தெருவில் கண்டால் அடையாளம் தெரியும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சரி, மாட்டை விடுங்கள். உண்மையில் எனக்கு வலித்தது அது இல்லை என்பது எழுத எழுதத்தான் தெளிவாகிறது.

"மாடு மேய்க்கத்தான் லாயக்கு." இந்த வரியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் முடித்தவர் யாராவது இருக்கிறீர்களா? மற்ற பிள்ளைகளுக்கு அது வெறும் திட்டு. எனக்கு அது வீட்டு முகவரி. வகுப்பில் ஆசிரியர் ஒருவர் கணக்கு வராத பையனைப் பார்த்து அதைச் சொல்லும்போதெல்லாம் மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கும். எனக்குக் கணக்கு வந்தது, ஆனாலும் என்னைப் பார்க்கும். பின்வரிசையிலிருந்து "ம்மா" என்று ஒரு குரல் வரும். ஒருநாள் அப்பா ஏதோ கையெழுத்துக்காகக் கம்பும் துண்டுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்த ஆசிரியர் அவரை நிற்கவைத்தே பேசினார். பையன் நன்றாகப் படிக்கிறான், உன்னை மாதிரி ஆகிவிடாமல் பார்த்துக்கொள் என்றார். அப்பா "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஆசிரியரால் தன் வகுப்பில் இருந்தவர்களின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது. அப்பா இருட்டில் மணிச்சத்தத்தை வைத்து எந்த மாடு விலகிப் போகிறது என்று சொல்வார். சாணத்தைப் பார்த்து எதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்வார். இதில் எது அறிவு என்று எனக்குச் சொல்லித்தர யாரும் வர வேண்டாம்.

மாட்டுக்கு அறிவு இல்லை என்று நீங்கள் அடம்பிடிப்பதன் காரணம் எனக்கு இப்போது புரிகிறது. மாட்டுக்கு அறிவு உண்டு என்று ஒத்துக்கொண்டால், அதைப் புரிந்துகொண்டு நடத்துகிறவனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அங்கேதான் உங்களுக்குத் தொண்டையில் சிக்குகிறது. நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? அந்த கமெண்டுக்கு விழுந்த லைக்குகளில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள்.

அந்த நல்ல மனிதர் காலையில் இன்பாக்ஸுக்கு வந்து, "ஜோக்குக்குச் சொன்னேன் தோழர், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பதில் போடவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னதை இன்பாக்ஸில் தனியாக வந்து திரும்பப் பெறுவது எந்த ஊர் வழக்கம்?

கமெண்டை மூடப்போவதில்லை. வெரோனிகாவைப் பற்றிக் கேளுங்கள், புலிக்குளம் மாடுகளைப் பற்றிக் கேளுங்கள், நான் சொன்ன ஆய்வில் குறை இருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். மேய்ப்பதைப் பற்றி ஜோக் அடிக்கிறவர்களை மட்டும் இந்த முறை பிளாக் செய்துவிடுவேன். பழகியவர், பழகாதவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.