தன்பாலீர்ப்பு நோயல்ல, அதை மாற்ற மருந்தும் கிடையாது

‘தன்பாலீர்ப்பு (ஆணுக்கு ஆண்மேலோ பெண்ணுக்குப் பெண்மேலோ வரும் ஈர்ப்பு) செல்போனால் வரும் மனநோய், ஊசி போட்டாலோ கல்யாணம் முடித்தாலோ சரியாகிவிடும், சட்டப்படியும் குற்றம்’ என்றொரு செய்தி திருநெல்வேலிப் பக்கம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகிறது. அண்ணாச்சி அனுப்பினார், சித்தி அனுப்பினார் என்று நம்பிவிட வேண்டாம். அத்தனையும் பொய்.

உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. யார்மேல் ஈர்ப்பு என்பது பலருக்கு வளரிளம் பருவத்தில் தெரியவரும், சிலருக்குப் பிறகுதான். செல்போன் வராத காலத்திலும் அப்படித்தான்.

ஆபத்தே அந்தச் ‘சிகிச்சை’தான். வீட்டைவிட்டு வந்த மதுரைப் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ‘மாற்றும்’ முயற்சிகளுக்குத் தடை போட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு எழுதிய தீர்ப்பு அது. எத்தனை பேருக்கு அந்தப் பணிவு வரும்! 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி ‘மாற்றும்’ சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

கல்யாணமா? தாலி கட்டி மறுவீடு போய் வந்த பிறகு, ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து தவிக்கும். கொடுமை அது.

குற்றம் என்பதும் தவறு. வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது.

வீட்டுப் பேச்சால் பிள்ளை ஒடிந்துபோயிருந்தால் 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.