கூழாங்கல் பூச்சு: அடிப்பூச்சு பற்றி ஒரு திருத்தம்

சுவரில் ஈரமான மேல்பூச்சின் மீது கூழாங்கற்களை வீசிப் பதிப்பதுதான் கூழாங்கல் பூச்சு. அதற்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, மேல்பூச்சில் சிமென்டைக் கூட்டினால் கூழாங்கல் நன்றாகப் பிடிக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. மேல்பூச்சு அடிப்பூச்சைவிட வலுவாக இருக்கக் கூடாது. சிமென்ட் அதிகமான கலவை காயும்போது அதிகம் சுருங்கும். கீழே இருப்பது வலுவில்லாத பூச்சு என்றால் விரிசல் விட்டு, அதையும் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துவிடும். அந்த விரிசலில் மழைத் தண்ணீர் இறங்கினால் கல்லோடு பாளம் பாளமாகப் பெயரும். கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடமாக இருந்தால் ஆபத்து.

நீங்களே சோதிக்கலாம். இப்போதுள்ள பூச்சை ஆணியால் அழுத்திக் கீறுங்கள். மாவாக உதிர்ந்தால் தாங்காது. அப்புறம் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வந்தால் பிடிப்பு விட்டிருக்கிறது. அங்கே செதுக்கி எடுத்துவிட்டு, புது அடிப்பூச்சு போட்டு, மேல்பூச்சு பிடிப்பதற்காக அது இறுகும் முன்பே கோடு கீறிவிடச் சொல்லுங்கள் மேஸ்திரியிடம்.