இருபது சதவீதம் எத்தனால், நூறு சதவீதம் விலை

பத்து நாள் மழைக்கு மூடி வைத்திருந்த என் 2013ஆம் ஆண்டு பைக் உயிர்பெற மறுத்ததால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டியபோது, அடிக்கிண்ணத்தில் வெண்மையான பொடி படிந்திருந்தது; ரப்பர் வாஷர் ஊறிப் பருத்துப்போயிருந்தது. "எத்தனால் தண்ணியை இழுக்கும் சார், வண்டி நின்னா இப்படித்தான்" என்றார். பெட்ரோலில் கலந்து விற்கப்படும் எத்தனால் ஒருவகை ஆல்கஹால்; காற்றின் ஈரத்தை உறிஞ்சும் அது, நீர் மிகுந்துவிட்டால் அதையும் சேர்த்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடுகிறது.

2030க்குள் எட்டவேண்டிய இருபது சதவீத எத்தனால் கலப்பை 2025லேயே எட்டிவிட்டோம் என்று அரசு பெருமைப்பட்டுக்கொள்கிறது. ஆனால் இந்தக் கலவைக்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023இல்தான். அதற்கு முன் வாங்கியவர்கள் என்ன செய்வது? லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் குறையும் என்பதை அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டு, அந்த இழப்பை ஈடுகட்டும் வகையில் கலவையின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கலப்பு மட்டும் வந்தது, விலைக்குறைப்பு வரவில்லை.

பிரேசிலைப் பாருங்கள் என்கிறார்கள். பார்க்கலாமே! அங்கே பெட்ரோல் பங்குகளில் எத்தனாலும் பெட்ரோல் கலவையும் தனித்தனி விலையில் கிடைக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் லாபம் என்று கணக்குப் போட்டு, எதையும் எரிக்கும் ஃபிளெக்ஸ் வண்டியில் நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே நமக்கு ஒரே குழாய்தான். கலப்பில்லாத பெட்ரோலையும் வாங்கும் வாய்ப்புக் கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

எத்தனால் தயாரிக்கக் கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் ஆலைக்குப் போகின்றன. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டால் தீவன விலையைப் பற்றிச் சொல்வார்கள். மின்சார ஸ்கூட்டருக்கு மாறலாம் என்றால், எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் பாயிண்டுக்கு ஓராண்டாக விவாதம் நடக்கிறது. பத்து சதவீதக் கலவையையாவது பழைய வண்டிகளுக்கென்று தனிக் குழாயில் விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஈரம் இறங்காமல் இருக்க டேங்கை எப்போதும் நிரப்பியே வையுங்கள் என்று மெக்கானிக் சொல்லி அனுப்பினார். அதே கலவையால்தான், அதே விலைக்கு.