இடம் கிடைத்த பிறகுதான் தலைவலி

அண்ணன் மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டது. ஒன்றிலும் கிடைக்காமல் அலைகிறவர்கள் இதைப் படித்தால் அடிக்க வருவார்கள், தெரியும். ஆனால் மூன்று வாரமாக அந்த வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

ஒன்று பெரிய பல்கலைக்கழகம். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வியே வராது. முதலாண்டு வகுப்பில் 400 பேர். இன்னொன்று சின்னக் கல்லூரி, வகுப்புக்கு 20 பேர். பெயரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்பார்கள்.

நல்லதையும் கெட்டதையும் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தாள். "சித்தப்பா, ரெண்டு பக்கமும் நிரம்பி வழியுது, எதையும் முடிவு பண்ண முடியல" என்றாள். எனக்கு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஞாபகம் வந்தார். 1772இல் அவருடைய நண்பர், ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, தனக்கு வந்த ஒரு புதிய வேலையை ஏற்கலாமா என்று அவரிடம் யோசனை கேட்டார். ஏற்றுக்கொள் என்றோ வேண்டாம் என்றோ ஃபிராங்க்ளின் சொல்லவில்லை. எப்படி முடிவெடுப்பது என்று மட்டும் எழுதினார். தாளின் நடுவே கோடு போடு, சாதகம் ஒரு பக்கம், பாதகம் மறுபக்கம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது. பிறகு இரண்டு பக்கத்திலும் எடை சமமாக இருப்பவற்றை அடித்துக்கொண்டே வா. கோடு போடுவது வரை எல்லோரும் செய்கிறோம். அடிக்கச் சொன்ன இடத்தில்தான் கை வராது.

சரி, அடித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். நல்ல நூலகம் இரண்டிலும் உண்டு, போச்சு. நண்பர்கள் எங்கேயும் கிடைப்பார்கள், போச்சு. இப்படியே நல்லதெல்லாம் ஜோடி ஜோடியாகக் காலியானது. மிச்சம் நின்றவை பெரும்பாலும் குறைகள்தான். ஒன்றின் குறைக்கும் மற்றதன் குறைக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் ஒன்றை வைத்து ஒன்றை அடிக்க முடியவில்லை.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. எது நல்ல கல்லூரி என்ற கேள்வியை அவளை விடச் சொன்னேன். எந்தக் கல்லூரியின் குறையோடு உன்னால் இத்தனை வருடம் குடித்தனம் நடத்த முடியும்?

நேரில் போய்ப் பார்த்தபோது கண்ணில் பட்டவையும் இதற்குத்தான் உதவின. பெரிய இடத்தில் ஒரு மாணவரிடம் ஆய்வுக்கூடத்துக்கு வழி கேட்டாள். அங்கேயே இரண்டு வருடமாகப் படிக்கிறவர், கைபேசியில் வரைபடத்தைத் திறந்து தேடினார். கூட்டத்தில் காணாமல் போனால் தேட ஆள் இல்லாத இடம் அது. சின்னக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் விருப்பப் பாடங்களின் பட்டியல் தொங்கியது. ஆறு பாடங்கள். அதில் இரண்டைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'இந்த முறை இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அடிபட்ட இரண்டில் ஒன்று அவள் ஆசைப்பட்ட பாடம். அதை நடத்தும் ஆசிரியர் ஒரே ஒருவர், அவர் விடுப்பில் போனால் பாடமும் போய்விடும்.

பெயருக்கு மதிப்பில்லையா என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. கடும்போட்டி உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் போட்டி குறைந்த கல்லூரிக்குப் போனவர்களை, கடும்போட்டி உள்ள கல்லூரியிலேயே சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பொருந்தவில்லை, அவர்களுக்குக் கடும்போட்டி உள்ள கல்லூரியால் பலன் கிடைத்தது. இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு, பெயரில் என்ன இருக்கிறது என்று பேசுவது வசதி உள்ளவர்களின் பேச்சு. வீட்டில் யாருக்கும் யாரையும் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பெயர் ஓர் ஏணி. எங்கள் வீட்டுக் கதை அப்படியில்லை என்பதால் நான் அதற்கு அதிக எடை போடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நான் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததே பெயருக்காகத்தான். முதல் வருடம் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். என் பெயர் தெரிந்த ஆசிரியர் ஒருவர்கூட அங்கே இல்லை. குற்றம் அவர்கள் மேல் இல்லை, எழுந்து கேள்வி கேட்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. அதனால் என் ஓட்டு சின்னக் கல்லூரிக்கு என்று சொல்லிவிட்டேன்.

அவள் பெரியதை எடுத்திருக்கிறாள். "தொலைஞ்சா நானே வழி கேட்டுக்குவேன் சித்தப்பா. இல்லாத பாடத்தை யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றாள். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது அவள்தான்.

நேற்று மற்ற கல்லூரிக்கு, வரவில்லை என்று மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரிக்கு ஒன்றரை மணி நேரம். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தவளிடம், அந்த இடத்துக்கு அங்கே யாரோ காத்திருப்பார்கள், சீக்கிரம் அனுப்பும்மா என்றேன்.