கோல்ஃபுக்கு முன்பே ஃபியட் 128
இன்றைய சிறிய குடும்பக் கார்களின் அமைப்பு (முன்பக்கத்தில் குறுக்காக வைத்த எஞ்சின், அது சுழற்றுவது முன் சக்கரங்களை) 1974-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில்தான் தொடங்கியது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஃபியட் 128 அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1969-இல், வந்துவிட்டதே! அதை உருவாக்கிய ஃபியட் பொறியாளர் தாந்தே ஜியாகோசாவின் பெயரே இல்லாதது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதற்கும் முன்பு வந்த பிரிட்டிஷ் சிறிய காரான மினியிலும் எஞ்சின் குறுக்காகத்தான் இருந்தது, சரி. ஆனால் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில்; இரண்டுக்கும் ஒரே ஆயில். ஜியாகோசாவோ கியர்பாக்ஸை எஞ்சினின் ஒரு முனையில், பக்கவாட்டில் சேர்த்தார். அதனால் சக்கரங்களைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. இதை முதலில் 1964-இல் ஃபியட்டோடு சேர்ந்த ஆட்டோபியாங்கி நிறுவனத்தின் பிரிமுலா காரில் போட்டுப் பார்த்தார்கள், அப்புறம்தான் ஃபியட் பெயரில் வந்தது. தெருவில் நிற்கும் ஒரு சிறிய காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அதே வரிசைதான் இருக்கும்.