கரும்பொருளுக்குச் சுவர் இல்லை

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “விண்மீன் மண்டலக் கொத்துகளைச் சுற்றிக் கரும்பொருள் சுவர், அதற்கு அப்பால் வெற்றிடம்.” கொத்து என்பது ஈர்ப்பால் பிணைந்த பல விண்மீன் மண்டலங்களின் கூட்டம்; கரும்பொருள் என்பது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள். அந்தச் செய்தி தவறு. நம் பள்ளிப் பிள்ளைகளும் அதைப் பகிர்வதுதான் வருத்தம்.

எல்லை உண்டு, சுவர் இல்லை. ஈர்ப்பால் உள்ளே விழும் பொருள் கொத்தின் நடுவைக் கடந்து, மறுபுறம் ஏறி, ஊஞ்சலைப்போல ஒரு தொலைவில் வேகம் தணிந்து திரும்புகிறது. அதற்கு வெளியே அடர்த்தி சட்டென்று சரிகிறது, ஆனால் பூஜ்யமாவதில்லை. அங்கிருந்து புதிய பொருள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

2014-இல் கணினி உருவகப்படுத்தல்கள் இந்தச் சரிவைக் காட்டின. 2016-இல், தொலைநோக்கியால் வானைப் படமெடுத்த ஸ்லோன் வான் ஆய்வின் தரவில், கொத்துகளைச் சுற்றியுள்ள மண்டலங்களை எண்ணி ஆய்வாளர்கள் அதற்கான தடயத்தைக் கண்டார்கள். பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்றறிய, பின்னணி மண்டலங்களின் ஒளி கொத்தின் ஈர்ப்பால் எவ்வளவு வளைகிறது என்பதையும் அளக்கிறார்கள். பெரிய கொத்துகளில் இந்த எல்லை, மையத்திலிருந்து சில பத்து லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது.